திருகோணமலையில் இருந்தபடி தரவுக் காட்சிப்படுத்தல் ஆய்வாளர் ஆவது எப்படி?

"சேர், இதுக்கு எந்த சொப்ட்வெயர் பழக வேணும்?" தரவுக் காட்சிப்படுத்தலில் ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு காலத்தில் நானும் இதையே கேட்டுத் திரிந்தவன். சொப்ட்வெயர் இந்த வழிகாட்டியில் நாலாவது படியில்தான் வரும். அதற்கு முந்திய மூன்று படிகளுக்கும் கணினியே தேவையில்லை.

ஏ.எல். முடித்துவிட்டு எதைப் படிக்கலாம் என்று யோசிப்பவருக்கும், கணினி அறிவியலில் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் இருப்பவருக்கும் இதை எழுதுகிறேன். நகரத்தில் இருந்தாலும் சரி, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருந்தாலும் சரி.

முதலில், இது என்ன துறை?

எண்களைப் படமாக்குவது தரவுக் காட்சிப்படுத்தல். அந்தப் படத்தைத் தொட்டு, பெருப்பித்து, வடிகட்டிப் பார்க்க முடிந்தால் அது ஊடாடும் காட்சிப்படுத்தல். மனிதர் கணினியோடு எப்படிப் புழங்குகிறார் என்று ஆராய்வது மனித–கணினி ஊடாட்டம். இவை மூன்றும் கலக்கும் இடத்தில்தான் நாம் நிற்கப்போகிறோம்.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். மாவட்டத்தின் டெங்கு நோயாளர் எண்ணிக்கையை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரைபடத்தில் நிறம் தீட்டுகிறோம் என்று வையுங்கள். கோமரங்கடவல பரப்பில் பெரியது, ஆட்கள் குறைவு. பட்டினமும் சூழலும் பிரிவு பரப்பில் சிறியது, சனம் நெருக்கம். கண் பெரிய நிலப்பரப்பைத்தான் முதலில் பிடிக்கும். நாளைக்கு எந்தத் தெருவில் புகையடிப்பது என்று முடிவெடுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இந்தப் படம் பிழையான பக்கம் இழுக்குமா? இழுக்கும் என்றால் எவ்வளவு? வேறு எப்படி வரைந்தால் இழுக்காது? படத்தை வரைந்து முடிப்பவர் வடிவமைப்பாளர். இந்தக் கேள்விகளைக் கேட்டு, ஆட்களை வைத்துச் சோதித்து, பதிலை எழுதுபவர் ஆய்வாளர். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: ஆட்களைப் பாருங்கள்

என் பட்டப்படிப்பின் கடைசிச் செயற்றிட்டம் கடற்றொழிலாளருக்கான காற்று வரைபடம். கொட்டியாரக் குடாவின் மேல் நிறம் நிறமாக அம்புகள் ஓடும். பார்க்க அழகாக இருந்தது, எனக்கும் பெருமைதான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு வாடிக்குப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த வயதான ஐயா ஒருவர் கையைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, இந்த அம்பு காத்து வாற பக்கமா, போற பக்கமா?"

போகிற பக்கம் என்றேன்.

"வாடை எண்டா வடக்கால வாறது. நீ கீறினது தெக்கைப் பாத்துக்கொண்டு நிக்குது. எங்கட ஆள் ஒருத்தன் இதைச் சோழகம் எண்டு நினைச்சாலும் குற்றம் சொல்லேலாது."

பக்கத்தில் இருந்த பொடியன் போனில் வானிலைப் படம் பார்த்துப் பழகியவன். அவன் சரியாகவே வாசித்தான். மூன்றாமவர் தலைகீழாக வாசித்தார். வாடை வடக்கிலிருந்து வருவது, சோழகம் தெற்கிலிருந்து வருவது. வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று நம் கரையில் காற்றுக்கு இருக்கும் பெயரெல்லாம் அது வரும் திசையைச் சொல்பவை. என் அம்போ போகும் திசையைச் சொன்னது.

அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனம், அதைப் பிழை என்று நினைத்து அம்பைத் திருப்பிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனது. அதுவே ஒரு ஆய்வுக் கேள்வி என்பது எனக்கு உறைக்க வருடங்கள் ஆயின. காற்றை வரும் திசையால் பெயரிடும் மக்கள், போகும் திசை காட்டும் அம்பை எப்படி வாசிக்கிறார்கள்? அம்புக்குப் பதிலாக நகரும் துகள்களைக் காட்டினால் குழப்பம் குறையுமா? இப்படி ஒரு கேள்வி ஆய்வகத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு யோசிப்பவருக்கு லேசில் வராது.

ஆகவே ஒரு கொப்பி வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு, யாராவது ஒரு வரைபையோ, அட்டவணையையோ, திரையையோ பார்த்துத் தடுமாறும் இடத்தைக் கண்டால் எழுதிவையுங்கள். மீன் ஏலத்தில் விலை குறிக்கும் முறை, வங்கி இயந்திரத்தின் முன் மொழி தெரிவு செய்யும் கை, பஸ் நேர அட்டவணை, வீட்டில் அம்மா மின்கட்டணச் சிட்டையை வாசிக்கும் விதம். யார், என்ன செய்ய முயன்றார், எந்த இடத்தில் நின்றார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் அபிப்பிராயத்தை எழுதாதீர்கள், அதற்குப் பிறகு நேரம் வரும்.

படி 2: கொஞ்சம் வாசியுங்கள், ஒழுங்காக வாசியுங்கள்

ஐம்பது ஆய்வுரையை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட நாலைக் கரைத்துக் குடிப்பது நல்லது. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984ல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்கலாம். ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை ஒப்பிடும்போது மனிதர் மிகக் குறைவாகப் பிழைவிடுகிறார். நீளம், கோணம், பரப்பு என்று போகப்போகப் பிழை கூடுகிறது. வட்ட வரைபைவிடச் சலாகை வரைபு ஏன் பல வேளைகளில் நல்லது என்பதற்கு அங்கே சோதனை ஆதாரம் இருக்கிறது. அதே சோதனையை 2010ல் ஜெஃப்ரி ஹீரும் மைக் போஸ்டாக்கும் இணையம் வழியே ஆட்களைச் சேர்த்து மறுபடி செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், பழைய சோதனை ஒன்றைத் திருப்பிச் செய்வதும் மதிப்புள்ள ஆய்வுதான் என்பது தெரியும்.

அப்புறம் பென் ஷ்னைடர்மன் 1996ல் எழுதியது: முதலில் முழுமையைக் காட்டு, பிறகு பெருப்பிக்கவும் வடிகட்டவும் விடு, கேட்டால் மட்டும் விவரம் கொடு. இது இன்றைக்கும் பல திரைகளின் எலும்புக்கூடு. நாலாவதாக செட்ல்மாயர், மேயர், மன்ஸ்னர் மூவரும் 2012ல் எழுதிய வடிவமைப்பு ஆய்வு முறை. அதில் ஒன்பது கட்டங்களும், விழக்கூடிய 32 குழிகளும் வரிசையாக இருக்கின்றன. உண்மையான தரவு கைக்கு வருமுன் வேலையைத் தொடங்குவதும் அவற்றில் ஒன்று. நான் அதில் விழுந்திருக்கிறேன். ஒரு அலுவலகம் தருகிறோம் என்று சொன்ன தரவை நம்பித் திரையை வடிவமைத்து முடித்தேன். மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு வந்தது தாளை ஸ்கேன் செய்த கோப்பு, அதுவும் பாதிப் பக்கம் சரிவாக.

வாசிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவர்களுடைய வாக்கியத்தையே திருப்பி எழுதிவிட்டு விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தமிழில் எழுதும்போது விளங்காத இடம் உடனே பல்லிளிக்கும்.

படி 3: பேனாவும் அட்டையும் கொண்டு ஒரு சிறிய ஆய்வு

காற்று அம்பையே எடுப்போம். தடித்த தாளில் 12 அட்டைகள் வெட்டுங்கள். ஆறில் சாதாரண அம்பு. மற்ற ஆறில் அதே திசைகள், வேறு குறியீட்டில்: காற்று வரும் பக்கம் தடித்து, போகும் பக்கம் மெலிந்து மறையும் கோடு. ஒவ்வொன்றிலும் கரையும் ஒரு வள்ளமும் இருக்கட்டும்.

கேள்வியில் கவனம் வேண்டும். "ஐயா, இந்தப் படம் எப்படி?" என்று கேட்டால், "நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி ஒரு பிளேன்டியும் தருவார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வந்த பிள்ளையின் படத்தை யாரும் கூடாது என்று சொல்லமாட்டார்கள். ஆகவே அபிப்பிராயம் கேட்காமல் ஒரு வேலை கொடுங்கள்: "இந்தக் காத்து வள்ளத்தை எந்தப் பக்கம் தள்ளும்? கையால காட்டுங்கோ." பதில் சரியா பிழையா, எத்தனை விநாடி எடுத்தது, இடையில் என்ன சொன்னார் என்று குறியுங்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாரா, கையை நீட்டிவிட்டு மாற்றினாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பின்னால் ஆய்வுரையில் ஆட்கள் விரும்பி வாசிக்கும் பகுதி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரே ஆளுக்கு இரண்டு வகை அட்டையையும் காட்டுவதால் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஆறில் கை பழகிவிடும், பிந்திய ஆறு எதுவானாலும் வேகமாகச் செய்வார். அதனால் பாதிப்பேருக்கு அம்பிலிருந்து தொடங்குங்கள், மீதிப்பேருக்கு மெலியும் கோட்டிலிருந்து. சோதனை வடிவமைப்பில் இதுதான் முதல் பாடம், எத்தனையோ மாணவர் சறுக்குவதும் இதில்தான்.

முதலில் நண்பர்கள் நாலு ஐந்து பேரிடம் ஒத்திகை பாருங்கள், கேள்வியில் உள்ள பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். கரைக்குப் போய் ஆட்களிடம் தரவு எடுக்குமுன் உங்கள் பீடத்தின் ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு வாங்கலாம் என்று விட்டால் அந்தத் தரவை வெளியிடவே முடியாமல் போகலாம். சம்மதப் படிவத்தைத் தமிழிலும், தேவையான இடத்தில் சிங்களத்திலும் வைத்திருங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். "எப்ப வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம்" என்ற வரியை இரண்டு தரம் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் அந்த நேரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். தொழில் இல்லாத நாளில் ஒருவரைச் சும்மா உட்காரவைப்பது நியாயமில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, 20 பேரின் முடிவை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். வித்தியாசம் எவ்வளவு, அது எந்த எல்லைக்குள் ஊசலாடக்கூடும் என்பதை நம்பிக்கை இடைவெளியோடு காட்டினால் போதும். புள்ளிவிபரவியலில் ஒரு பாடத்தையாவது ஒழுங்காகச் செய்திருப்பது இந்தத் துறையில் நிரலாக்கத்தைவிட முக்கியம் என்பது என் எண்ணம். நிரல் எழுத உதவ ஆள் கிடைக்கும், பிழையாக எடுத்த தரவைத் திருத்தித்தர ஆள் கிடைக்காது.

படி 4: இப்போது சொப்ட்வெயர்

இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டைப் பழகுங்கள், பிறகு அதில் வரைபு கீற உதவும் டி3 என்ற நிரல் தொகுப்பை. அது 2011ல் ஸ்டான்போர்டில் உருவானது, இணையத்தில் நீங்கள் காணும் ஊடாடும் வரைபுகளில் பலவற்றின் அடித்தளம். பழகக் கடினம்தான். அவசரம் என்றால் வேகா-லைட் என்ற எளிய கருவியிலிருந்து தொடங்குங்கள், சில வரிகளிலேயே வரைபு வந்துவிடும். பகுப்பாய்வுக்கு ஆர் அல்லது பைதன் நிரல்மொழி, இரண்டில் ஒன்று போதும். எல்லாம் இலவசம்.

தமிழில் எழுத்துப் பொறிக்கும்போது வரும் சிக்கலை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வரைபின் அச்சில் இடம் போதாவிட்டால் பெயரை ஐந்து எழுத்தோடு வெட்டச் சொல்லி நிரலில் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் ஒன்றும் ஆகாது. "திருகோணமலை" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் பத்துக் குறி: மெய்யோடு ஒட்டும் உயிர்க்குறி ஒவ்வொன்றும் தனியாக எண்ணப்படுகிறது. ஐந்தாவது குறியில் வெட்டினால் கிடைப்பது "திருக". கோவின் ஓகாரம் போய்விட்டது. மூதூர் நாலு எழுத்துகூட இல்லை, மூன்றுதான். ஆனால் ஆறு குறி. ஐந்தில் வெட்டினால் புள்ளி விழுந்து "மூதூர" ஆகிறது. கிண்ணியா "கிண்ண" ஆகிறது. ஜாவாஸ்கிரிப்டில் எழுத்துக்கொத்தாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்த வெட்டு நேராது. அதோடு பழைய அரசாங்கக் கோப்புகளில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்கள் வரும். திரையில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை ஒரு தரம் கண்ணால் வாசித்துப் பாருங்கள்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் ஒரே திரையில் வர வேண்டிய மாவட்டம் இது. பெயர்ப்பட்டியின் நீளம் மொழிக்கு மொழி மாறும்போது வரைபு எப்படி இடம் கொடுப்பது என்பதே நல்லதொரு ஆய்வுத் தலைப்பு. இலவசமாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எங்கே படிப்பது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியல் படிக்கலாம். இசட் புள்ளி இடம் கொடுத்தால் மொறட்டுவை, கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம். எங்கே போனாலும் ஆய்வுக் கட்டுரையோடு கூடிய நாலு வருடச் சிறப்புப் பட்டமாக இருக்கட்டும், முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ எடுக்கப் பாருங்கள். உளவியல், புள்ளிவிபரவியல், வடிவமைப்புப் படித்தவரும் இத்துறைக்குள் வரலாம். அப்படி வந்து மிக நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: முதல் வெளியீடு

கணினித் துறையின் இந்தப் பகுதியில் மாநாட்டு ஆய்வுரைக்குத்தான் மவுசு. மனித–கணினி ஊடாட்டத்துக்கு ஏ.சி.எம். என்ற கணினியியல் சங்கம் நடத்தும் சி.எச்.ஐ. பெரிய மாநாடு. ஆங்கிலத்தில் அதைக் "கை" என்றுதான் உச்சரிப்பார்கள், நமக்கு நினைவில் வைக்க வசதி. காட்சிப்படுத்தலுக்கு ஐட்ரிபிள்ஈ என்ற பொறியியலாளர் அமைப்பின் விஸ் மாநாடு, 1990ல் தொடங்கியது. இரண்டிலும் முழு ஆய்வுரையாக அனுப்புவதில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் ஏற்கப்படும். ஆகவே முதல் முயற்சிக்குச் சுவரொட்டி, குறும் ஆய்வுரை, பயிலரங்கு என்ற சிறிய வாசல்களைப் பாருங்கள். அட்டை ஆய்வு ஒன்று ஒழுங்காகச் செய்திருந்தால் சுவரொட்டிக்குத் தாராளமாகப் போதும்.

மாணவத் தொண்டராக விண்ணப்பித்தால், தெரிவானவருக்கு மாநாட்டில் சில மணி நேர வேலைக்கு ஈடாகப் பதிவுக் கட்டணம் விடுபடும். பேராசிரியர்களோடு முதலில் பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை. பெயர் அட்டை கொடுக்கிற மேசையில் நிற்பவரிடம் எல்லோரும் வந்துதானே ஆகவேண்டும்?

மறுப்பு வரும். மதிப்பாய்வைத் திறந்து வாசித்துவிட்டு இரண்டு நாள் தொடாதீர்கள். மூன்றாம் நாள் ஒவ்வொரு குறைக்கும் எதிரே என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். "திருகோணமலை மீனவரிடம் கண்டது வேறு இடத்துக்குப் பொருந்துமா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அமெரிக்க மாணவரிடம் செய்த ஆய்வைப் பார்த்து இதை யாரும் கேட்பதில்லையே என்று ஆத்திரம் வரும். ஆத்திரத்தைப் பதிலில் காட்டாதீர்கள். காற்றைத் திசையால் பெயரிடுவது வேறு எந்தெந்தக் கரைகளில் உண்டு என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 7: கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பம்

ஒரு விதி: சொந்தக் காசு கட்டிக் கலாநிதிப் பட்டம் படிக்காதீர்கள். காணியை ஈடுவைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். அமெரிக்காவில் இத்துறையில் பொதுவாகக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலையோடு கட்டணமும் மாதப்படியும் சேர்ந்து வரும், ஐந்து வருடமோ அதற்கு மேலோ எடுக்கும். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளில் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர், வேலை விளம்பரம் மாதிரியே இடம் அறிவிப்பார்கள். பிரித்தானியாவுக்குப் பொதுநலவாயப் புலமைப்பரிசில் உண்டு. ஜப்பான் அரசின் புலமைப்பரிசிலும் நம்மவர் பலருக்கு வழி திறந்திருக்கிறது.

அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். ஜூனிலேயே தொடங்குங்கள். பத்து ஆய்வகத்தைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு வருட ஆய்வுரைகளை வாசியுங்கள். பிறகு மேற்பார்வையாளருக்குக் கடிதம். நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "உங்கள் புகழ்பெற்ற ஆய்வுகளைக் கண்டு வியந்தேன்" என்ற ரகத்தை விடுங்கள். இந்த மாதிரி எழுதலாம்:

"காற்றோட்ட வரைபடங்கள் பற்றிய உங்கள் ஆய்வில் பங்குபற்றியோர் அனைவரும் அம்பைப் போகும் திசையாக வாசித்ததாகக் கண்டேன். இலங்கையின் கிழக்குக் கரையில் 20 கடற்றொழிலாளரிடம் நான் செய்த சிறு ஆய்வில் சிலர் அதைத் தலைகீழாக வாசித்தனர். இரண்டு பக்கச் சுருக்கம் இணைத்துள்ளேன். வரும் ஆண்டுக்கு மாணவர் எடுக்கிறீர்களா?"

அவ்வளவுதான். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு தரம் நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பரிந்துரைக் கடிதம் பொதுவாக மூன்று கேட்பார்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதுவது பலமானது. அவருக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

படி 8: திரும்பி வந்தால்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வரிசை இது: தகுதிகாண் விரிவுரையாளர், பட்டமேற்படிப்பு முடித்த பின் சிரேஷ்ட விரிவுரையாளர், அதன் பிறகு பேராசிரியர். நல்ல வகுப்போடு பட்டம் முடித்துத் தகுதிகாண் பதவியில் சேர்ந்துவிட்டு, கற்கை விடுமுறையில் வெளிநாடு போவது பலர் எடுக்கும் பாதை. போகுமுன் திரும்பி வந்து சேவை செய்வதாக ஒப்பந்தம் வைக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசியுங்கள், பிணை நிற்கப்போகும் மாமாவையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

பதவி உயர்வுக் குழுவில் வேறு துறைக்காரர் இருப்பார்கள், அவர்களுக்கு மாநாடு என்றால் இரண்டாம் தரம். இங்கே ஒரு வசதி உண்டு: விஸ் மாநாட்டின் முழு ஆய்வுரைகள் ஐட்ரிபிள்ஈயின் காட்சிப்படுத்தல் சஞ்சிகையிலேயே வெளியாகின்றன. ஒரே வேலை, இரண்டு பக்கமும் செல்லும்.

கடைசியாக நாட்காட்டி. வடகீழ்ப் பருவக்காற்றில் நம் கடல் கொந்தளிக்கும். டிசம்பர், சனவரியில் வள்ளங்கள் கரையில் கிடக்கும், ஆட்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். களவேலையை அப்போது வையுங்கள். பெப்ரவரியில் பகுப்பாய்வு, மார்ச் கடைசியில் விஸ் மாநாட்டுக்கு அனுப்பலாம். ஜூன் மாதமளவில் முடிவு வரும். மறுத்தால் கச்சான் வீசும் மாதங்களில் வீட்டுக்குள் இருந்து திருத்தி, செப்டம்பரில் சி.எச்.ஐ.க்கு அனுப்புங்கள். அதன் முதற்சுற்று முடிவு நவம்பர் அளவில் வரும். மதிப்பாய்வாளர் இன்னும் கொஞ்சம் ஆட்களிடம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் கவலையில்லை, வள்ளங்கள் அப்போது மறுபடி கரையேறத் தொடங்கியிருக்கும்.